இல்லத்துக் கிளி நெடுநாள் வாழ

கிளி வளர்க்கும் இல்லத்தார் அதனிடம் அன்பு காட்டுவதில் குறை வைப்பதில்லை. பெயர் சூட்டுகின்றனர், பேசக் கற்பிக்கின்றனர், வெளியூர் சென்றால் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு நாள்தோறும் தொலைபேசியில் விசாரிக்கின்றனர். ஆயினும், பதினைந்து ஆண்டுகளுக்குமேல் வாழத்தக்க பறவை நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ ஒருநாள் காலையில் கூண்டின் தரையில் மடிந்து கிடப்பதும் நம்மிடையே நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!” என்று வீட்டார் கலங்குவர். பெரும்பாலும் அது பல மாதங்களாகவே நலிந்து வந்திருக்கும். தீவனக் கிண்ணம் நிறைந்திருந்தும் ஊட்டம் குறைந்திருக்கும். அந்நலிவைப் பறவை வெளிக்காட்டாது மறைத்திருக்கும். இவ்விரண்டையும் அறிந்துகொண்டால் கிளி வளர்ப்பில் பெரும்பகுதியை அறிந்தவர் ஆவோம்.

எந்தக் கிளி?

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊர்த் தோப்புகளிலும் பழைய கட்டடப் பொந்துகளிலும் வாழும் பச்சைக் கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்குக் காப்பளிக்கிறது. 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. இக்குற்றத்திற்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. “எங்கள் பாட்டி காலத்திலிருந்தே வளர்க்கிறோம்” என்பது இதற்கு விடையாகாது. 2024 ஏப்ரலில் கடலூரில் கிளி சோதிடரிடமிருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றிய செய்தியை அன்பர்கள் நாளிதழ்களில் படித்திருப்பர்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அகிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களை நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே கற்கின்றனர்: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுதியான சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். காட்டுக் கிளியைப் பிடித்துச் சிறகை நறுக்கிக் கைப்பிடியளவு கூண்டில் அடைத்து, உரிய உணவும் தராதிருப்போர் இவ்வைந்தனுள் எத்தனையைச் செய்கின்றனர் என்பதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்லிவிடுவர்.

இங்கு நம் சமூகத்தாரிடையே நிலவும் ஒரு வழக்கத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். விழா நாள்களில் கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதைச் சீவதயை எனச் சிலர் கருதுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால், வலை விரித்தவன் அன்றே பணம் பெற்றுக்கொண்டு மறுநாள் மீண்டும் வலை விரிக்கிறான். சிறகு நறுக்கப்பட்டு, இரை தேடவும் பருந்தைக் கண்டு ஒளியவும் அறியாத பறவை, பறக்கவிட்ட இடத்திலேயே பூனைக்கு இரையாகிறது. ஆகவே, ஏற்கெனவே பச்சைக் கிளியை வைத்திருப்போர் கூண்டைத் திறந்துவிட்டுக் கடமை முடிந்தது என எண்ணுதல் கூடாது. வனத்துறை அலுவலகத்தில் அதனை ஒப்படைக்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டெடுத்தாலும் அவ்வாறே செய்க. பச்சைக் கிளியோடு உறவாட விரும்புவோர்க்குக் கூண்டு தேவையே இல்லை. சென்னை இராயப்பேட்டையில் ஓர் அன்பர் தம் மொட்டை மாடியில் ஊறவைத்த அரிசியைப் பல ஆண்டுகள் இட்டு வந்தார். ஆயிரக்கணக்கான கிளிகள் அதற்கு வந்து சென்றன.

வீட்டில் வளர்க்கத்தக்கவை, கூண்டிலேயே பல தலைமுறைகளாகப் பிறந்து வளரும் அயல்நாட்டுச் சிறு கிளிகள். கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜிகர், ‘காக்டெயில்’ என்று விற்கப்படும் கொண்டைக்கிளி ஆகிய இரண்டும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்டவை. சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி, மக்காவ் போன்ற பெரிய இனங்களை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்தல் வேண்டும். பட்ஜிகரின் ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள். கொண்டைக்கிளி பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வாழும். சாம்பல் கிளி நாற்பது ஆண்டுகளையும் கடக்கும். இக்கட்டுரையில் கூறுவன பெரும்பாலும் கொண்டைக்கிளியைப் பற்றியவையே. அளவை மாற்றிக்கொண்டால் ஏனையவற்றுக்கும் பொருந்தும்.

நிறைந்த கிண்ணத்தின் முன் பட்டினி

கடையில் கிளியை வாங்கும்போதே ஒரு பொட்டலம் தினையும் சூரியகாந்தி விதையும் கலந்து தருவர். “இதுவே போதும்” என்றும் சொல்வர். இச்சொல்லே எண்ணற்ற கிளிகளின் ஆயுளைக் குறைத்துள்ளது. விதைகளில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்னும் கிளி, நாம் நாள்தோறும் முறுக்கையே உண்டு வாழ்வதை ஒத்தது. சில ஆண்டுகளில் ஈரலில் கொழுப்பு படிகிறது. வைட்டமின் ஏ குறைவதால் வாயினுள்ளும் மூச்சுப் பாதையிலும் உள்ள மென்தோல் தடித்து, கிருமிகள் எளிதில் நுழைகின்றன. தும்மல், மூக்கில் நீர், கண்ணைச் சுற்றி வீக்கம், வாயில் வெண்படலம் ஆகியன அதன் அடையாளங்கள்.

ஆகையால் விதை, உணவின் ஒரு பகுதியாக மட்டுமே இருத்தல் வேண்டும். தினை, சாமை, குதிரைவாலி போன்ற சிறுதானியங்கள் நல்லவை. சூரியகாந்தி விதை நாளைக்கு நான்கைந்து போதும், அதுவும் கையிலிருந்து கொடுக்கும் பரிசாக. எஞ்சிய பங்கு கீரையும் காயும் வேகவைத்த தானியமும் ஆகும். ‘பெல்லட்’ எனப்படும் சத்துக் குருணை கிடைக்குமாயின் அதனையும் சேர்க்கலாம். முட்டைத் தூளோ மீன் தூளோ கலந்துள்ளதா என்று உறையில் படித்துப் பார்த்து வாங்குக.

அயல்நாட்டார் எழுதிய வளர்ப்பு நூல்களில் கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அவித்த முட்டை என்று பட்டியல் நீளும். மண்ணுக்கடியில் விளைவனவற்றைச் சமையலறையில் சேர்க்காத இல்லத்தார் இதனைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. பரங்கிக்காய், பப்பாளி, சிவப்புக் குடைமிளகாய், கோவைப்பழம், இவை அனைத்திற்கும் மேலாக முருங்கைக் கீரை ஆகியவற்றில் அச்சத்து நிறைய உள்ளது. முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். கொல்லையில் ஒரு முருங்கை மரம் நிற்கும் வீட்டில் கிளிக்கு ஊட்டக் குறைவு வருமாயின் அது வியப்புக்குரியதே. பாலக் கீரையை எப்போதாவது தரலாம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. முட்டைக்கு மாற்றாக, உப்பிடாது வேகவைத்த பச்சைப்பயறும் கைக்குத்தல் அரிசியும் தருக. கூண்டில் தொங்கவிடும் ‘கடல் நுரை’ என்பது கணவாய் என்னும் கடலுயிரின் ஓடு. அதனை விரும்பாதோர் கடைகளில் கிடைக்கும் கனிமக் கட்டியை வாங்கித் தொங்கவிடலாம்.

மிளகாயைக் கிளி எவ்வாறு தின்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு நம் நாவில் உள்ளதுபோலப் பறவைகளிடத்தில் வேலை செய்வதில்லை. பறவைக்கு அது சத்துள்ள ஒரு காய். மிளகாய்க்கோ தன் விதையைத் தொலைவில் கொண்டுசேர்க்கும் ஊர்தி கிடைத்தது!

விதைக்குப் பழகிய கிளி, காயைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். அதற்காகப் பட்டினி போடுவது பெரும் தவறு. பழகாத உணவை உணவென்றே அறியாது சில பறவைகள் உயிரை விட்டுவிடும். காலையில் பசி மிகுந்த வேளையில் பொடியாக நறுக்கிய காயை முதலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து விதையைத் தருக. ஈரக் கீரைக் கொத்தைக் கம்பியில் செருகி வைத்தால் நனைந்து விளையாடும் ஆசையிலேயே கொத்தத் தொடங்கும். அதன் எதிரில் அமர்ந்து அதே காயை நாமும் உண்பது நல்ல வழி. பக்கத்துப் பிள்ளை உண்பதைக் கண்டபின் கீரையைத் தொடும் குழந்தைகளைப் பள்ளி மதிய உணவு வேளைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கிளியும் கூட்டமாக உண்டு வாழும் இனமே. இம்மாற்றத்திற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்.

கொடுக்கக் கூடாதன சில உள. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ நச்சு. சாக்லெட், காப்பி, தேநீர், வெங்காயம், பூண்டு, உப்பிட்ட பலகாரம் ஆகியனவும் தீங்கு. ஆப்பிளைக் கொடுக்குமுன் விதையை நீக்குக. பால் சோறு ஊட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. நம் வாயிலிருந்து கிளியின் வாய்க்கு ஊட்டுவதும் ஆகாது. நமக்குத் தீங்கு செய்யாத உமிழ்நீர்க் கிருமிகள் அதற்கு நோய் தரும். குடிநீரை வடிகட்டிக் காலையும் மாலையும் மாற்றுக. வைட்டமின் சொட்டுகளைக் குடிநீரில் கலப்பதைவிடக் கீரை கொடுப்பது மேல். சொட்டு கலந்த நீர் விரைவில் கெடும், சுவை மாறியதால் கிளி நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளும்.

மூச்சு

பறவையின் மூச்சு நம் மூச்சைப் போன்றதன்று. அதன் நுரையீரலோடு ஒன்பது காற்றுப் பைகள் இணைந்துள்ளன. உள்ளிழுத்த காற்றிலிருந்து பிராணவாயுவை நம்மைவிட நன்றாக அது உறிஞ்சிக்கொள்ளும். நச்சுப் புகையையும் அவ்வாறே உறிஞ்சிவிடும். ஒட்டாத பூச்சு பூசிய வாணலி, ஒன்றும் இடாமல் அடுப்பில் மிகையாகச் சூடேறினால் அதிலிருந்து எழும் ஆவி ஒரு கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நம் மூக்கிற்கு மணமே தெரியாதிருக்கலாம். கிளி உள்ள வீட்டில் இரும்புச் சட்டியும் எவர்சில்வரும் போதும் என்பது நம் கருத்து. கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, கற்பூரம், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் புகை படும் இடத்திலும் கூண்டை வைக்க வேண்டா.

இன்னொன்று: பறவைக்கு உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு நடக்கும். பாசத்தோடு மார்பை இறுகப் பற்றினாலே அது மூச்சுத் திணறிவிடும். சிறு பிள்ளைகளுக்கு இதனை முதல் பாடமாகக் கற்பிக்க வேண்டும்.

இருப்பிடம்

உருண்டைக் கூண்டு அழகாகத் தோன்றும்; பறவைக்கு அதனால் பயனில்லை. கிளி மேலும் கீழுமாகப் பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. ஒரு கொண்டைக்கிளிக்கு இரண்டரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் குறைந்த அளவாகும். போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் உயிரினத்தை அடைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே. துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பியைக் கொறித்தால் நஞ்சேறும். உட்காரும் கோல்கள் ஒரே பருமனாக இருப்பின் உள்ளங்காலில் புண் உண்டாகும். கொய்யா, வேம்பு ஆகியவற்றின் கிளைகளை வெவ்வேறு பருமனில் வெட்டிப் பொருத்துக.

நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் அறையினுள் பறக்கவிடல் வேண்டும். அதற்குமுன் மின்விசிறியை நிறுத்திச் சன்னல்களை அடைத்துவிடுக. நம் நாட்டு வீடுகளில் கிளிக்குப் பெரும் பகை மின்விசிறியே. காலை வெயிலில் சிறிது நேரம் வைப்பது நன்று. கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது, எலும்புக்கு வேண்டிய ஒளிக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கூண்டின் ஒரு பாதியில் நிழல் இருக்கட்டும்.

பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் நம் இல்ல வழக்கம் கிளிக்கும் உகந்ததே. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் அதற்கு இருளும் அமைதியும் வேண்டும். இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது எங்ஙனம் உறங்கும்? ஒளி நீண்டால் பெண் கொண்டைக்கிளி ஆணின்றியே முட்டை மேல் முட்டையாக இட்டு, உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழந்து, முட்டை வெளிவராமல் அடைத்து இறப்பதும் உண்டு.

தனிமையும் ஒரு நோயே. பகலெல்லாம் ஆளில்லா வீட்டில் அடைபட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். உணவைக் காகிதச் சுருளிலும் தென்னை ஓலைப் பின்னலிலும் மறைத்து வைத்தால் தேடி எடுப்பதில் பொழுது போகும். வீட்டார் அனைவரும் காலையில் சென்று இரவில் திரும்புவோராயின், கிளி வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுதலே நல்லது.

தராசும் குறிப்பேடும்

காட்டில், நோயுற்றதாகத் தோன்றும் பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். ஆகையால் இயன்றவரை நலமாக இருப்பதுபோல் நடிப்பது பறவையின் இயல்பு. அது நடிக்க முடியாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் அமரும்போது நோய் முற்றியிருக்கும். இந்நடிப்பை ஊடுருவிப் பார்க்கும் கருவி ஒன்றே. கிராம் கணக்கில் காட்டும் சமையலறை மின்தராசு.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் மகனின் கொண்டைக்கிளியை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். “நன்றாகத் தின்கிறது, டீச்சர், ஆனால் சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டது” என்றார். கிண்ணம் நிறைந்தே இருந்தது. அதனை மெல்ல ஊதினோம். மேலே இருந்தது முழுவதும் உமி; அடியில் தினை மணி பத்துக்கூட இல்லை. கிளி விதையை உரித்துத் தின்று உமியை அதே கிண்ணத்தில் விடும். பார்ப்பவர் தீவனம் இருப்பதாகவே எண்ணிக்கொள்வர். தராசில் வைத்தபோது 72 கிராம் காட்டியது. வளர்ந்த கொண்டைக்கிளி 80 முதல் 100 கிராம் இருக்க வேண்டும். மார்பெலும்பு கத்தி விளிம்புபோல் விரலில் தட்டுப்பட்டது. கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஏழு வாரங்களில் அது 88 கிராமுக்குத் தேறியது. அச்சிறுவன் வெள்ளிக்கிழமைதோறும் எடையை எழுதிவந்த கணக்கு ஏட்டைக் கண்டபோது, இதைவிடச் சிறந்த அறிவியல் செய்முறைப் பாடம் இல்லை என்றே தோன்றியது.

வாரம் ஒருமுறை, காலையில் உணவுக்கு முன், எடையைக் குறித்து வைக்குக. பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 90 கிராம் பறவை 81-க்கு இறங்கினால், வேறு அடையாளம் எதற்கும் காத்திராமல் மருத்துவரிடம் செல்க. கூண்டின் அடியில் நேற்றைய செய்தித்தாளை விரித்து எச்சத்தையும் நோக்குக. அதில் பச்சை அல்லது பழுப்பு நிறக் கழிவு, வெண்ணிறச் சுண்ணம், தெளிந்த நீர் என மூன்று பகுதிகள் தெரியும். இவற்றின் நிறமோ அளவோ இரண்டு நாள் மாறியிருப்பின் கவனிக்க வேண்டும். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுதல், பகலில் இரு கால்களையும் ஊன்றிக் கண் மூடியிருத்தல், குரல் அடங்குதல் ஆகியன அவசர அடையாளங்கள்.

மருத்துவரை அடையும்வரை பறவைக்கு வெப்பம் தருக. முன்னாளில் நாற்பது வாட் விளக்கை எரியவிட்டால் போதுமாயிருந்தது, இக்கால எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தராது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் வைத்து, மற்றப் பக்கத்தைத் திறந்து விடுக. நமக்குத் தரும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் பறவைகளைக் காட்டலாம். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதியினர், தம் ஊர்க் கால்நடை மருத்துவருள் பறவை மருத்துவம் அறிந்தவர் யாரென்று நோய் வருமுன்பே விசாரித்து வைப்பது நலம்.

கிளியிடமிருந்து நமக்கு வரத்தக்க நோயும் ஒன்றுண்டு. கிளிக் காய்ச்சல் எனப்படும் அது, காய்ந்த எச்சத்தின் தூசு வழியே மூச்சில் நுழைந்து நுரையீரல் அழற்சி வரை கொண்டுசெல்லும். முதியோர்க்கு அது கடுமையாகும். கூண்டைத் துடைக்குமுன் நீர் தெளித்து நனைத்துக்கொள்க. பின் சோப்பிட்டுக் கை கழுவுக. காய்ச்சலும் இருமலும் தொடர்ந்தால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறவற்க. அவர் கேட்கமாட்டார், சொன்னால் உரிய மருந்தால் எளிதில் குணமாக்கிவிடுவார்.

நமக்குப் பின்

பிள்ளைகள் வெளியூரில் பணியாற்ற, முதியோர் இருவராகவோ ஒருவராகவோ வாழும் வீடுகள் நம் சமூகத்தில் பெருகிவிட்டன. தனிமைக்குத் துணையாக ஒரு கிளியைப் பேரப்பிள்ளைகள் வாங்கித் தருகின்றனர். எழுபது வயதில் ஒரு கொண்டைக்கிளிக் குஞ்சை ஏற்போர், அது தம் தொண்ணூறாம் வயது வரை வாழக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் வயதினர் பலர் இதனைப் பேச விரும்புவதில்லை. நன்கு பேணப்பட்ட பறவை, பேணியவர் மறைந்த சில வாரங்களில் எவரும் ஏற்க முன்வராமல் கடைக்கே திரும்பியதை நாம் கண்டிருக்கிறோம். வளர்ந்த, வீட்டை இழந்த கிளி எங்கேனும் கிடைத்தால் குஞ்சுக்கு மாற்றாக அதனை ஏற்பது முதியோர்க்குப் பொருத்தம்.

எடை எழுதும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் கிளியின் வயது, அது உண்பன, அஞ்சுவன, அதற்குப் பழகிய சீட்டியொலி, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைக்குக. அதன் கீழே, நாம் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தாலும் மறைந்தாலும் கிளியை ஏற்பவர் பெயரையும் எழுதுக. எழுதுமுன் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் பறவையை அவர் வீட்டில் விட்டுப் பார்த்து, திரும்பி வந்ததும் எடை பார்த்தபின் எழுதினால் இன்னும் நன்று.